கரணையும் காப்புரிமையும்

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் சட்டை நனைந்துவிடும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது காலபைரவர் கோயில். வேண்டுதல்காரர்கள் சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுகிறார்கள். வெளியே கடைகளில் பூசணி மலைபோல் குவிந்திருக்கிறது. நான் வாங்கிய கடையில் ஓர் அக்கா ஒரே வெட்டில் காயைப் பிளந்தார். பருத்த, கருத்த, கைப்பிடி தேய்ந்த கத்தி.

"எவ்ளோக்கா?"

"நாப்பது ரூவாங்கண்ணா. சில்லற இல்லீங்க, போன்லயே போட்டு வுடுங்க."

க்யூ.ஆர். அட்டையின் ஒரு மூலையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. துடைக்கலாமா என்று யோசிப்பதற்குள் போன் படித்துவிட்டது. எண்ணை அடித்தேன். பூசணிகளுக்கு நடுவே கிடந்த ஒரு டப்பா, கோயில் ஒலிபெருக்கியையும் மீறி, நாற்பது ரூபாய் வந்துவிட்டதாகத் தமிழில் கூவியது.

"இந்த டப்பா உங்களுதாக்கா?"

"நம்முளுது எங்கீங்க? மாசாமாசம் வாடக புடிச்சுக்கறாங்க."

"அப்ப கத்தி?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கத்திய யாராச்சும் வாடகைக்கு வாங்குவாங்களா? எங்கப்பன் காலத்துது. மழுங்குனா நானே கல்லுல தீட்டிக்குவேன்."

அந்தக் கத்தியையும் டப்பாவையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்ததிலிருந்து எனக்கு ஆப்பிரிக்கா ஞாபகமாகவே இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி என்றதும் நமக்கு நெல்லிக்கனி நினைவுக்கு வரும். புறநானூற்றில் ஔவையார் சொல்லும் இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எங்கோ இருந்த கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய முன்னோர்களாம். வேற்று நிலத்துப் பயிர். இன்று பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை நடக்கிறது. கரும்பை வெளியூர்ச் சரக்கு என்று தர்மபுரியில் யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. கரும்பை வெட்டும்போதே இரண்டு மூன்று கணு உள்ள துண்டைக் கரணையாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த பட்டத்துக்கு யாரையும் கேட்காமல் நட்டுக்கொள்ளலாம். கரணை நம் கையில் இருக்கும்வரை பயிர் எங்கிருந்து வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

இரும்பின் கதை இதற்கு நேர் எதிர். அது இங்கேயே பிறந்தது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக் காலத்து மாதிரி ஒன்று கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பழைய சேலம் ஜில்லாவின் இரும்புத்தாது மலைகளைப் பட்டியலிட்ட நிலவியலாளர்கள் கஞ்சமலையோடு அரூர்ப் பக்கத்துத் தீர்த்தமலையையும் சேர்த்திருக்கிறார்கள். 1965 வரை தர்மபுரியும் சேலம் ஜில்லாதான்.

இந்த ஜில்லாவில் உருக்கு செய்த விதத்தை 1839-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் விவரமாக எழுதினார். உமிக்கரி கலந்த களிமண்ணில் ஒரு சிறிய மூசை. அதற்குள் தேனிரும்புத் துண்டுகள், காய்ந்த ஆவாரங்கட்டைச் சிம்புகள், மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் இறுக மூடிவிடுவார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, கரியைக் கொட்டி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறியதும் மூசையை உடைத்தால் உள்ளே கையகல உருக்குக் கட்டி.

ஆவாரையும் எருக்கும் சடங்குக்காகச் சேர்த்தவை போலத் தோன்றலாம். கதை அதுவல்ல. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். தோல் துருத்தி அந்த வெப்பத்தை எளிதில் தராது. மூடிய மூசைக்குள் கட்டையும் இலையும் கரிந்து கார்பனாகின்றன. சூடேறிய இரும்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கார்பன் ஏறினால் போதும், உருகுநிலை நூறு டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது. இரும்பு குழம்பாகி, கசடு மேலே மிதந்து, அடியில் சீரான உருக்கு நிற்கிறது. அதை மெதுவாக ஆறவிட்டால் உள்ளே கார்பைடு வரிவரியாகப் படியும். டமாஸ்கஸ் வாள்களில் நீரலை போல ஓடும் கோடுகளுக்கு மூலம் இந்த வரிகள்தாம். தெர்மாமீட்டர் கிடையாது, வேதியியல் கிடையாது. தீயின் நிறத்தைக் கண் அறிந்திருந்தது, துருத்தியின் கதியைக் கை அறிந்திருந்தது.

இந்த உருக்கைத்தான் ஐரோப்பா 'வூட்ஸ்' என்றது. 1790-களில் பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு மாதிரிகள் போயின. பின்னாளில் மின்சாரத்துக்காகப் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, 1820-ஐ ஒட்டிய சில ஆண்டுகள் இதைப் போலச் செய்து பார்க்க முயன்றார். அவரும் ஒரு கொல்லரின் மகன்தான்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. கரிக்காகக் காடுகள் அழிந்தன, ஆலையும் அவரைக் கடனாளியாக்கியது. இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்குத் தொழில் அதனால் தலைநிமிர்ந்தது. ஆனால் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே காப்புரிமைக் காகிதத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மாங்கனீசு கார்பைடைச் செய்து போடுவதற்குத்தானே உரிமை? நான் மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் தனித்தனியாக மூசையில் போடுகிறேன், அவை உள்ளே சேர்ந்துகொள்ளட்டும் என்றார். வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851-இல் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படிக்கும்போது ஹீத்துக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. அவருக்கு வழக்குப் போடவாவது ஒரு காகிதம் இருந்தது. துருத்தி ஊதியவர்களுக்கு அதுவும் இல்லை.

அவர்களிடம் இருந்தது கைப்பழக்கம். அப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. கப்பலில் வந்திறங்கிய சீமை இரும்பு மலிவாக விற்றது, காட்டுக் கரிக்குக் கட்டுப்பாடு வந்தது, உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இரண்டு தலைமுறை ஊதாமல் விட்டால் கை மறந்துவிடும். கரணை காய்ந்துபோனது. தாது அதே மலையில் கிடக்கிறது, ஆவாரை அதே மேட்டில் பூக்கிறது.

ஆப்பிரிக்காவில் இதே கதைக்கு ஓர் அபூர்வமான கடைசிப் பக்கம் உண்டு. தான்சானியாவில் விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் ஹாயா மக்கள் வாழ்கிறார்கள். அவர்களும் உலை கட்டி இரும்பு உருக்கியவர்கள். ஐரோப்பிய இரும்பு வந்ததும் விட்டவர்கள். 1970-களில் பீட்டர் ஷ்மிட் என்ற தொல்லியலாளர் அங்கே போனபோது, இளமையில் உலையடியில் வேலை பார்த்த முதியவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருந்தார்கள். நினைவிலிருந்தே உலையை மறுபடி கட்டிக் காட்டினார்கள். கரையான் புற்று மண்ணால் சுவர், அடிக்குழியில் எரித்த சதுப்புப் புல், உலைக்குள் ஆழமாக நீட்டிய ஊதுகுழல்கள். கார்பன் ஏறிய இரும்பு கிடைத்தது. காற்று குழலுக்குள்ளேயே சூடாகி உள்ளே போனது என்று ஷ்மிட்டும் டொனால்ட் ஏவரியும் 1978-இல் எழுதினார்கள். அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த விவாதத்தைவிட அந்தக் கிழவர்கள்தாம் பெரிது. அவர்களும் போயிருந்தால் கேட்க ஆளில்லை.

இனி டப்பாவுக்கு வருவோம்.

நான் கொடுத்த நாற்பது ரூபாய் என்ன ஆனது? அட்டையிலிருந்த கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் அக்காவின் கட்டண முகவரி எழுதியிருந்தது. க்யூ.ஆர். குறியை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு உருவாக்கியது, கார் உதிரிபாகங்களை எண்ணுவதற்காக. அதே செய்தியைக் கணக்குப் போட்டு வேறு வடிவில் உபரியாகவும் எழுதி வைப்பதால், உயர்ந்தபட்சமாகப் பத்தில் மூன்று பங்கு அழிந்தாலும் மீதியிலிருந்து முழுதையும் மீட்டுவிடலாம். குங்குமம் அப்பிய அட்டை வேலை செய்த ரகசியம் இதுதான். டென்சோ வேவ் காப்புரிமை வைத்திருந்தும், யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. அதாவது கரணையைக் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் இருந்திருந்தால் அதியமான்கோட்டைப் பூசணிக்கடைவரை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

நான் அடித்த ரகசிய எண் என் போனுக்குள்ளேயே பூட்டப்படுகிறது. செயலிக்குக்கூட அது தெரியாது. பூட்டிய பொட்டலம் செயலிக்குத் துணைநிற்கும் வங்கிக்குப் போய், அங்கிருந்து என்.பி.சி.ஐ. என்ற மையத்துக்குப் போகிறது. மையம் என் வங்கியைக் கேட்கிறது; அது எண்ணைச் சரிபார்த்து நாற்பதைக் கழிக்கிறது. மையம் அக்காவின் வங்கியிடம் சொல்கிறது. அது நாற்பதைக் கூட்டுகிறது. டப்பாவுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அதற்குச் செய்தி வந்ததும் குரல் எழுகிறது. இவ்வளவும் சில நொடிகளில். வேடிக்கை என்னவென்றால், அந்த நொடியில் இரண்டு வங்கிகளுக்கு இடையே காசு எதுவும் நகர்வதில்லை. மொய் நோட்டில் எழுதுவது போல எழுதி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரங்களில் ரிசர்வ் வங்கியில் மொத்தமாகக் கணக்கு நேர்செய்கிறார்கள்.

2016-இல் தொடங்கிய இந்த யு.பி.ஐ., 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. மையமும் விதிகளும் நம்முடையவை. கட்டணத் தகவல்கள் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதே சமயம் பத்துப் பரிமாற்றங்களில் சுமார் எட்டு போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகப் போகின்றன. முன்னதில் பெரும்பங்கு வால்மார்ட்டுடையது, பின்னது யாருடையது என்று சொல்லவே வேண்டாம். தண்டவாளம் நம்முடையது, டிக்கெட் கவுன்ட்டர் அவர்களுடையது. எந்த ஒரு செயலியும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் போட்ட விதியை நடைமுறைப்படுத்தும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இந்த வித்தையில் கென்யா நமக்கு ஒன்பது வருடம் மூத்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் எம்-பெசாவைத் தொடங்கியபோது ஸ்மார்ட்போனே தேவைப்படவில்லை. பொத்தான் போனும் சிம்மும் போதும். மூலைக்கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்தால் போனில் ஏறும். ஊரிலிருக்கும் அம்மா அங்குள்ள கடையில் பணமாக எடுத்துக்கொள்வார். வங்கிக் கிளையைப் பார்த்தறியாதவர்கள்கூடப் பணம் அனுப்பினார்கள். பெசா என்றால் சுவாகிலியில் பணம். நம் பைசாதான் பாய்மரக் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது.

உலகமே இதை ஆப்பிரிக்காவின் வெற்றி என்று கொண்டாடியது. ஆனால் முதல் சில ஆண்டுகளில் எம்-பெசாவின் சர்வர்கள் ஜெர்மனியில் இருந்தன. நைரோபியில் ஒருவர் அடுத்த தெருக் காய்கறிக்காரிக்கு இருநூறு ஷில்லிங் அனுப்பினால், அந்தச் செய்தி ஐரோப்பா போய்த் திரும்பித்தான் காய்கறிக்காரியின் போனில் விழும். 2015-இல்தான் சர்வர்கள் கென்யாவுக்கு வந்தன. பெயரும் தளமும் பிரிட்டனின் வோடஃபோன் வசமே இருந்தன. 2020-இல் சஃபாரிகாமும் தென்னாப்பிரிக்காவின் வோடாகாமும் சேர்ந்து அவற்றை விலைக்கு வாங்கின. தான் 13 வருடம் புழங்கிய கருவியைக் காசு கொடுத்துத் தனதாக்கிக்கொண்டது கென்யா. வாங்கிய இரண்டு நிறுவனங்களிலும் வோடஃபோனின் பங்கு இருக்கிறது என்பது வேறு விஷயம். உடைமை என்பது வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க இன்னொரு தோல் வரும்.

கடலுக்கடியிலும் இதே கதை. ஃபுன்கே ஒபெக்கே என்ற நைஜீரியப் பொறியாளர், போர்ச்சுகலிலிருந்து லாகோஸுக்கு மெயின்ஒன் என்ற கண்ணாடியிழைக் கேபிளை 2010-இல் கொண்டுவந்து சேர்த்தார். 2022-இல் அமெரிக்காவின் ஈக்வினிக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரையோரத்தில் மெயின்ஒன் உட்பட நான்கு கேபிள்கள் ஒருசேர அறுந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இணையம் படுத்துவிட்டது. கோபால்ட் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு காங்கோவில் தோண்டப்படுகிறது, சுத்திகரிப்பு பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது, பேட்டரியாகி விலையோடு திரும்புகிறது. தீர்த்தமலையைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

எழுத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. கினி நாட்டில் 1989-ஐ ஒட்டி, அப்துலாயே, இப்ராஹிமா என்ற பாரி சகோதரர்கள், பத்தும் பதினான்கும் வயதுச் சிறுவர்கள், தங்கள் ஃபுலானி மொழிக்குச் சொந்த எழுத்து இல்லையே என்று கண்ணை மூடிக்கொண்டு கோடுகள் கிறுக்கி, பிடித்தவற்றைத் தேர்ந்து ஓர் எழுத்துமுறையையே செய்துவிட்டார்கள். அட்லம் என்று பெயர். மக்கள் நோட்டில் எழுதினார்கள், புத்தகங்களைக் கையால் படியெடுத்தார்கள். போனில் மட்டும் வராது. யூனிகோடில் அதற்கு இடம் கிடைத்தது 2016-இல்தான். தமிழ் 1991-லேயே உள்ளே போய்விட்டது. ஆனாலும் 1990-களில் ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளத்துக்கும் தனித்தனி எழுத்துருவை இறக்கிக்கொண்டு, இறக்காவிட்டால் புள்ளியும் சுழியுமாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கரணை கொடுப்பவர்களும் உண்டு. அதியமான்கோட்டையிலிருந்து பிரியும் ஓசூர்ச் சாலையில் போனால் பெங்களூரு. அங்கே ஐ.ஐ.ஐ.டி.யில் 2018-இல் மோசிப் என்ற மென்பொருள் தொடங்கியது. ஒரு நாடு தன் மக்களுக்கு அடையாள எண் வழங்கத் தேவையான நிரல் முழுவதும் திறந்த மூலமாக அதில் இருக்கிறது. வழக்கமாக இந்த வேலையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்தால், கைரேகைப் பதிவுகள் அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவில் உட்கார்ந்துவிடும். பத்து வருடம் கழித்து விலையை ஏற்றினால் வேறு ஆளைப் பார்க்க முடியாது. பெட்டி உன்னுடையது, சாவி என்னுடையது என்பார்கள். மோசிப்பில் நிரல் அந்தந்த நாட்டின் கையிலேயே இருக்கும். மொராக்கோ எடுத்துக்கொண்டது. எத்தியோப்பியாவின் ஃபைதா அட்டை இதன்மேல் கட்டியதுதான். மோசிப்புக்குப் பணம் கொடுத்தவர்களில் அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மென்பொருளுக்கும் கீழே இருப்பது சில்லு. எந்தச் சில்லுக்கும் ஒரு குட்டிப் பாஷைதான் தெரியும்: எடு, கூட்டு, ஒப்பிடு, தாவு, வை. நம் போன்களில் இருக்கும் சில்லுகள் பேசும் பாஷை ஆர்ம் நிறுவனத்துடையது. அதைப் பேசும் சில்லு செய்ய உரிமத்தொகை கட்டியாக வேண்டும். 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு பாஷையை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டுவிட்டார்கள். அடிப்படைச் சொற்கள் நாற்பது சொச்சம். அந்தப் பாஷையில் சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடி குழு வடிவமைத்தது 'சக்தி' சில்லு. 2018-இல் முதல் சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் அச்சாகி வந்தது. அடுத்து சண்டிகரை ஒட்டிய ஆலையில், 180 நானோமீட்டர் தடிமக் கோடுகளில் செய்தார்கள். புது ஐபோனோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டி. ஆனால் அச்சாணி எது, நுகத்தடி எது என்று நமக்கே தெரிந்த வண்டி.

அதே ஐ.ஐ.டி. 2023 நவம்பரில் தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகத்தைத் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே அமைந்த முதல் ஐ.ஐ.டி. அதுதான். தலைமை ஏற்றவர் பிரீத்தி அகாலயம், ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்கு இயக்குநரான முதல் பெண். தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் பாடம். நாம் பயிற்சி கொடுத்து, நம் மென்பொருளைப் பழக்கி, நம்மையே சார்ந்திருக்கச் செய்தால் நாம் புது ஹீத். அங்கே படிப்பவர்கள் நம்மை விட்டுவிட்டுத் தாங்களே நடும் நாள் வருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தேய்பிறை அஷ்டமிக்கும் போயிருந்தேன். அதே கடை, அதே குவியல். டப்பாவைக் காணவில்லை.

"எங்கக்கா உங்க டப்பா?"

"வாடக கட்டுபடியாவுலீங்கண்ணா, திருப்பிக் குடுத்துட்டேன். பாப்பா போனுக்கு மெசேஜ் வருது, அவ பாத்துச் சொல்லுவா."

பாப்பா பள்ளிச் சீருடையில் முக்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பணம் அனுப்பிவிட்டு நின்றேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா காத்திருக்கவில்லை, அடுத்தவருக்குக் காயைப் பிளந்தார். கத்திக்குப் புதிதாக வேப்பங்கட்டையில் கைப்பிடி போட்டிருந்தார்.